தாருக்கு ஊசி போட்டவர்

என் அக்காவின் கணவரை ஆலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் 'ஊசி அண்ணே', முதுகுக்குப் பின்னால் வெறும் 'ஊசி'. ரோடு போடுவதற்கான தார்க்கலவை தயாரிக்கும் ஆலை அது. வந்து இறங்கும் தாரைச் சோதித்துப் பார்ப்பது அத்தானின் வேலை. தகர டப்பாவில் கொஞ்சம் தாரை ஊற்றி ஆறவைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிச் சூட்டைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, எடை வைத்த ஓர் ஊசியை அதன்மேல் விடுவார். ஐந்து எண்ணுவதற்குள் ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார். ரொம்ப இறங்கினால் தார் இளக்கம். வெயிலில் லாரிச் சக்கரம் பதிந்து ரோடு குழியும். இறங்கவே அடம்பிடித்தால் தார் கெட்டி. குளிரில் விரிசல் விடும். நடுவில் சரியாக நின்றால் தலையசைப்பார். அவர் தலையசைக்காமல் ஒரு சொட்டுத் தார் கொதிகலனுக்குள் போகாது.

சோதனைக்கூடம் என்று பெயர்தான் பெரிசு. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, கறுத்துப்போன ஒரு மேஜை, சுற்றும்போதெல்லாம் இருமுகிற ஒரு மின்விசிறி. சாப்பிடும் முன் டீசலில் கை கழுவி, பிறகு சோப்பில் கழுவுவார். அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. வீட்டில் தலையணை உறை முழுக்க அந்தக் கறுப்புதான் என்று அக்கா புலம்புவாள்.

ஊசியை எடுப்பதற்கு முன் அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. பட்டாணி அளவு தாரைக் கிள்ளி முன்பல்லில் வைத்து ஒரு கடி கடிப்பார். பல் சொன்னதையே ஊசியும் சொன்னால் அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு இருக்கும். வீட்டிலும் கை சும்மா இருக்காது. சோப்பு, மெழுகுவத்தி, பிசைந்து வைத்த மாவு, புது மெத்தை என்று எதைக் கண்டாலும் விரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பார்.

"என்னையும் ஒரு குத்து குத்திப் பாத்துட்டுத்தான்டா கட்டிக்கிட்டாரு உங்க அத்தான்" என்பாள் அக்கா.

"அப்பவே கெட்டிதான். தெரிஞ்சேதான் கட்டினேன்" என்பார் அவர்.

எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: தலைக்கனத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தனக்குத் தெரிந்தது கையளவு என்பது அவருக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

ஆற்றுப் பாலத்துக்குப் போகும் ரோட்டைப் புதிதாகப் போட்ட சமயம் அது. வழக்கமாக வரும் தார் தட்டுப்பாடாகி, வேறொருவர் புதிதாகத் தார் அனுப்பினார். நான் வேன் ஓட்டுகிறவன். ஆலை ஆட்களை ஏற்றி இறக்குவது அப்போது என் வேலை என்பதால், அந்தப் பேச்சு நடந்தபோது சோதனைக்கூட வாசலிலேயே நின்றிருந்தேன். அத்தான் தாரைக் கடித்துப் பார்த்தார், ஊசி விட்டார், தலையசைத்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இன்ஜினியர் பெண் மட்டும் நகரவில்லை.

"அண்ணே, இது கெட்டித் தாருண்ணே. பழைய இன்ஜின் ஆயிலக் காய்ச்சி வடிச்சா அடியில ஒரு கசடு தங்கும்ல, அதக் கலந்து இளக வச்சிருக்காங்கன்னு எனக்கு சந்தேகம்."

"ஊசி சரியாத்தானே இறங்குது?"

"இறங்கும்ணே. இன்னைக்கு இறங்கும். தார்னா ஒரே பொருளு இல்ல. உள்ள கெட்டியான கருந்துகள் இருக்கு, எண்ணெய் இருக்கு, ரெண்டையும் பிரியாம வச்சிருக்கிற பிசின் இருக்கு. இவங்க கலந்த எண்ணெய் அதோட சேராது. வெயிலும் காத்தும் பட்டா அந்தக் கெட்டித் துகள் தனியாத் திரண்டுக்கும், அப்புறம் தாருக்குப் பிடிப்பே இருக்காது. அடுப்புல வச்சு காத்தோட்டத்துல சுட வச்சா, ரெண்டு மூணு வருசத்துல எப்படி ஆகும்னு இப்பவே தெரிஞ்சிடும். கொஞ்ச நாள் பொறுக்கலாம்ணே."

"பொண்ணு கிழவியானா எப்படி இருப்பான்னு பாத்துட்டா மேடம் எல்லாரும் கல்யாணம் பண்றாங்க?"

சுற்றி நின்ற ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண்ணின் முகம் சிறுத்துப் போயிற்று. மேலாளருக்கோ வேலை முடிந்தால் போதும். "ஊசி சொல்லிட்டா சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். லஞ்சம் வாங்கிக்கொண்டு தலையசைத்திருந்தாலாவது ஆளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம். அத்தான் ஒரு வாய் டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. நேர்மையாகவே தப்புச் செய்தார்.

ரோடு கண்ணாடி மாதிரி வந்தது. முதல் வருஷம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது குளிரில் மயிரிழை விரிசல்கள் ஓடின. பிறகு வற்றிய குளத்துச் சேறு மாதிரி பாளம் பாளமாக வெடித்தது. மழைத் தண்ணீர் விரிசலுக்குள் இறங்கி அடியைத் தின்ன, லாரிகள் மேலே மிதிக்க, ரோடு குண்டும் குழியுமாகிவிட்டது. ஒருநாள் வேனை நிறுத்தச் சொன்னார் அத்தான். குனிந்து ஒரு துண்டைப் பெயர்த்து, ஒட்டியிருந்த தாரைச் சுரண்டி வாயில் வைத்துக் கடித்தார். அது மொறுக்கென்று பொடியானது. துப்பிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தார். அதற்குள் இன்ஜினியர் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தாள். ஆலையில் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பார்.

அதற்கு அடுத்துத்தான் அக்கா படுத்தாள். மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்றார்கள். கதிர் சிகிச்சை கொடுக்க வேண்டும், வாரத்தில் ஐந்து நாள் வர வேண்டும் என்றார்கள். அந்த ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆற்றைத் தாண்ட அந்தப் பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

வேனின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தையைப் போட்டேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்வார். முதல் நாள், முதல் பள்ளத்திலேயே அக்கா அலறிவிட்டாள். அதன்பிறகு நத்தை மாதிரிதான் ஓட்டினேன். நத்தைக்கும் பள்ளம் பள்ளம்தானே.

"என்னங்க, இது உங்க ஆளுங்க போட்ட ரோடா?" மூச்சு வாங்கக் கேட்டாள் அக்கா.

"இல்லம்மா. இது வேற கம்பெனி."

கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்குத் திட்ட ஓர் ஆள் கிடைத்தான். நோய்க்கு முன்பே அவளுக்கு நல்ல வாய். "எந்த நாசமாப் போனவன்டா இதைப் போட்டான்? அவன் கை விளங்காமப் போக" என்று ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒன்று வைப்பாள். அத்தானின் கை அவள் முதுகுக்கு அடியில்தான் இருக்கும். எந்தப் பள்ளம் எங்கே என்று அவருக்கு மனப்பாடம். "இப்ப ஒண்ணு வருது, பல்லைக் கடிச்சுக்கோ" என்பார். அவள் பல்லைக் கடிப்பாள், பள்ளம் தாண்டியதும் திட்டுவாள். திட்டி முடித்தபின் அவள் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும். மாத்திரை செய்யாததை அந்தத் திட்டு செய்தது. அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு முழுதாக உட்கார்ந்துபோன ஓர் இடம் உண்டு. ஒதுங்க வழி இல்லை. இறங்கித்தான் ஏற வேண்டும். ஒருநாள் அங்கே இறங்கியபோது அக்காவுக்குக் குரலே வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. ஏறி முடித்த பிறகு, அழுகையும் இல்லாமல் கோபமும் இல்லாமல் மெதுவாகச் சொன்னாள்:

"இதைப் போட்டவன் பொண்டாட்டியும் ஒருநாள் இப்படிப் படுக்கணும். அவளையும் இதே ரோட்டுல தூக்கிட்டுப் போகணும். அன்னைக்கு அவன் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

அத்தானிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன்.

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். புதிதாக வந்த தார், ஊசி இறங்கியது, அந்தப் பெண் பொறுக்கச் சொன்னது, தான் அடித்த கிண்டல் என்று ஒன்று விடாமல் சொன்னார். நான் வேனை ஓரம் கட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அக்கா வேனின் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"வண்டிய எடுடா. நேரமாச்சு" என்றாள்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவளிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. திட்டு இல்லை, முனகல் இல்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள். கண்ணோரத்தில் வழிகிற தண்ணீரை அத்தான் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும். முன்பு அலறல் கேட்டு ஓட்டியவன் நான். இந்த அமைதியில் ஓட்ட என்னால் முடியவில்லை.

"கத்திடும்மா. என்னைத் திட்டு. காறித் துப்பு. இப்படி இருக்காத" என்று கெஞ்சினார் அத்தான்.

தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். "வலிக்குதுன்னு சொன்னா உங்களச் சொன்ன மாதிரி ஆயிடுதுங்க. எனக்கு முடியல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கடித்துக்கொண்டாள். சாபம் போட்டவள் அவள். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒருத்தர் தாங்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். இன்னொருத்தி அந்த உண்மைக்காக வலியை விழுங்குகிறாள். நடுவில் நோய்க்கு நல்ல கொண்டாட்டம்.

அந்த வாரக் கடைசியில் டாக்டர் அவளைப் பரிசோதித்தார். சிகிச்சை அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பச்சைத் திரை, எடை பார்க்கும் இயந்திரம், சுவரோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அத்தானும் நானும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம்.

"வலி எப்படிம்மா இருக்கு? வர்ற வழியில ரொம்பக் குலுக்குதா? முன்ன சொன்னீங்களே" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல டாக்டர். இப்ப ஒண்ணும் தெரியல."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நானும் அந்தப் பாலத்து வழியாத்தான் வர்றேன். எனக்கே இடுப்பு போகுது. அந்த ரோட்டுலயா ஒண்ணும் தெரியல?"

"எங்களுக்கு நல்லாத்தான் இருக்கு."

"டாக்டர், அது வந்து..." என்று தொடங்கினார் அத்தான்.

"நீங்க பேசாதீங்க" என்றாள் அக்கா. "வலி யாருக்கு? எனக்குத்தானே?"

 நான் பேச வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த மெலிந்த கைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லி, வலி மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதினார்.

அந்தப் பாதி மாத்திரையோடு, அதே ரோட்டில், அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.