மாமா பேசிய வேகத் தமிழ்

அம்மாவின் தம்பி, என் மாமா, இங்கே மார்சிலிங் வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இந்தியாவை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அப்படியிருக்க, அவருடைய பேச்சில் இந்தியத்தனம் போதவில்லை என்று ஒரு தொலைக்காட்சி இயக்குநர் குறைப்பட்டுக்கொண்டார்.

நான் தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில் இருந்த சமயம் அது. பகலில் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை செய்துவிட்டு மாலையில் தமிழ் மேடை நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த மாமாவுக்கு, ஆங்கில நகைச்சுவைத் தொடர் ஒன்றில் வேடம் கிடைத்தது. நாடு முழுக்கப் பார்க்கும் தொடர். இதில் பெயர் வாங்கிவிட்டால் பட்டறைக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று கனவு கண்டார். கதையில் அவர் அடுத்த வீட்டுக்காரர். மற்ற எல்லாருக்கும் பெயர் இருந்தது. அவருக்கு மட்டும் 'இந்தியர்' என்று எழுதியிருந்தது.

தலையை ஆட்டிப் பேசச் சொன்னார்களாம். எப்படி ஆட்டுவது என்று மாமாவுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நம்மவர்கள் கூடுகிற தேக்கா கடைவீதிக்குப் போய், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்திருந்தவர்களை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்தார். பாவிகள், ஒருவர்கூட அப்படி ஆட்டவில்லை. கடைசியில் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தானாகவே ஆட்டிப் பழகினார். நானும் பக்கத்தில் நின்று ஆட்டினேன்.

"பூம்பூம் மாடுகூட காசு குடுத்தாத்தான்டா ஆட்டும்," என்றாள் அம்மா.

"எனக்கும் குடுக்கிறாங்கக்கா," என்றார் மாமா.

படப்பிடிப்பு முடிந்து வந்த அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "மின்தூக்கியில மாட்டிக்கிட்டுக் கத்தற சீன்கா. என்ன பேசறதுன்னு கேட்டேன். தமிழ்ல எதையாச்சும் வேகமாப் பேசு, யாருக்கும் புரியாது லா'ன்னுட்டான் டைரக்டர்," என்றார். என்ன பேசினார் என்று கேட்டதற்குக் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

ஒளிபரப்பான அன்று அம்மா வடை சுட்டிருந்தாள். அப்பா ஒலியைக் கூட்டி வைத்தார். திரையில் மாமா பனியனும் கைலியுமாக மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டு, கண்ணை உருட்டி, தலையை ஆட்டி, படபடவென்று பொரிந்தார். சிரிப்பொலி குபீரென்று எழுந்தது. திரையின் அடியில், 'இந்திய பாஷையில் கத்துகிறார்' என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது.

முதலில் எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு 'இனம், மொழி, மதம்' என்ற சொற்கள் காதில் விழுந்தன. மாமா சொல்லிக்கொண்டிருந்தது பற்றுறுதி! பள்ளியில் கொடிக்கு முன்னால் நின்று நாங்கள் சொல்லுகிற அதே நாட்டுப்பற்று உறுதிமொழி. வேற்றுமை மறந்து ஒன்றுபடுவோம் என்ற இடத்தில்தான் சிரிப்பு உச்சத்துக்குப் போனது.

நான் சட்டென்று எழுந்து, வலது கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உக்காரும்மா," என்றார் மாமா. அவர் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

நான் உட்காரவில்லை. பற்றுறுதியை நடுவில் விடக்கூடாது என்பது எங்கள் ஆசிரியரின் கட்டளை. ஆனால் தொலைக்காட்சி விட்டுவிட்டது. நீதி, சமத்துவம் என்ற பகுதி வருவதற்குள் சலவைத்தூள் விளம்பரம் வந்துவிட்டது. மீதியை நானே சத்தமாகச் சொல்லி முடித்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு பட்டறையில் அவரைப் பார்ப்பவரெல்லாம் அந்த வேகத் தமிழைப் பேசிக் காட்டச் சொன்னார்கள். தொடர்காரர்களும் அதே வேடத்துக்கு மறுபடி அழைத்தார்கள். அவர் போகவில்லை. தமிழ் மேடையிலும் அப்புறம் ஏறவேயில்லை. கேட்டால், வாய் வரமாட்டேன் என்கிறது என்பார்.

ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? பாதியில் வெட்டிவிட்டார்களே என்றுதான் மாமா வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். குளியலறைக் கதவைத் தட்டி, "அழாதீங்க மாமா, எல்லார் வீட்டுலயும் எழுந்து நின்னிருப்பாங்க," என்று சமாதானம் சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.