கழிவுநீர்ப் புல்லும் கெங்கம்மாளின் காலும்

கெங்கம்மாளுக்குக் காலில் உணர்ச்சி போய் எத்தனை வருஷம் என்று அவளுக்கே தெரியாது. முதலில் அரிப்பு, பிறகு வெடிப்பு, பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைத் தேதி போட்டு யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

ஆவடிப் பக்கம் ஒரு புல்பண்ணை. ஊர்ச் சாக்கடை முழுவதையும் அங்கே பாத்தி பாத்தியாகத் திருப்பி விட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் புல் ஆள் உயரம் வளர்ந்தது. பதினான்கு பெண்கள் முழங்கால் வரை அதில் நின்று அறுப்பார்கள். பூந்தமல்லி எருமைகள் தின்னும். அந்தப் பாலில் காபி குடித்த மகராசன்கள் பண்ணையைத் தாண்டும்போது மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். புருஷன் நாகப்பன் செத்த மறுவாரம் அரிவாளோடு அதில் இறங்கியவள் கெங்கம்மாள். பத்தொன்பது வருஷம் அறுத்தாள்.

ஒருமுறை உடைந்த பாட்டில் பாதத்தைக் கிழித்தது. அவள் புல்கட்டோடு நடந்துகொண்டே இருந்தாள். பின்னால் வந்த சொர்ணம்தான் வரப்பில் ரத்தத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"யக்கா, கால்ல ரத்தம் ஊத்திகினு கீது, நீ பாட்டுக்குப் போய்கினே கீறியே!"

"அப்டியா?" என்று கெங்கம்மாள் குனிந்து பார்த்தாள். வலிக்காததற்கு எதற்கு அழுவது?

தொண்ணூற்று நாலில் சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடித்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து சாக்கடை குழாய் வழியாகத் தொட்டிகளுக்குப் போய்விடும். பாத்திக்குத் தண்ணீர் கிடையாது, புல்லும் கிடையாது. புல் அறுத்தவர்களுக்கு அங்கேயே காய்ந்த கசடை வாரும் வேலை, அதுவும் நிரந்தர வேலை, தருவதாகச் சொன்னார்கள். டாக்டர் பார்த்து உடம்பில் குறையில்லை என்று எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். சொல்கிறவர்களுக்கு எப்போதுமே அவ்வளவுதான். நாற்பத்தாறு வயதில் ஒண்டிக்கட்டையாக நிற்பவளுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை.

முதலில் போய்ப் பாஸாகி வந்த சொர்ணம் காதோடு சொன்னாள்.

"கண்ண மூடச் சொல்லிட்டு கால்ல ஊசியால குத்துறாரு யக்கா. குத்துறப்போ 'குத்துது'ன்னு சொல்லணும். ஆறு தபா. விட்டு விட்டுச் சொல்லு, ஒரேடியா சொல்லிடாதே."

கெங்கம்மாளுக்குப் பயம் வந்தது. அவளுக்குப் பயம் என்று ஒன்று வந்தே வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டில் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, பழகிப் பார்த்தாள். நாலு மூச்சுக்கு ஒரு 'குத்துது'. மூன்று நாள் பழகினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வனஜா அவளைக் கட்டிலில் படுக்க வைத்தாள். "கண்ண மூடிக்கம்மா, குத்தினா சொல்லணும்" என்றார் டாக்டர்.

மூடினாள். நாலு மூச்சு விட்டாள்.

"குத்துது சார்."

எங்கேயோ குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மறுபடி நாலு மூச்சு. "குத்துது சார்." மூன்றாவது தடவை லேசாக முகத்தைச் சுளித்துக்கொண்டாள், பொருத்தமாக இருக்கட்டும் என்று. ஆறையும் சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தாள்.

டாக்டர் ஜன்னலோரத் தொட்டியில் கை கழுவிவிட்டு, கையில் துண்டோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊசி தட்டில் இருந்தது. வனஜா தரையைப் பார்த்தாள்.

"டாக்டர் இன்னும் ஆரம்பிக்கலம்மா" என்றாள் மெதுவாக.

டாக்டர் வந்தார். "கண்ண மூட வேணாம். பாத்துக்கிட்டே சொல்லு."

குத்தினார். யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பதுபோல் அவள் பார்த்தாள். சின்னதாக ரத்தம் துளிர்த்தது.

"குத்துச்சாம்மா?"

"குத்துனீங்களே சார். பாத்தேனே."

"வலிச்சுதா?"

"பாத்தேன் சார்" என்றாள் மறுபடி.

அவர் எழுதியதை அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. மறுநாள் காலை அரிவாளை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். தண்ணீரை நிறுத்த இன்னும் பதினோரு நாள் இருந்தது.