சிவப்புக் கொடி காட்டிய பூநாரை

எனக்குப் பறவைகள் மேல் எந்தப் பாசமும் கிடையாது. ஒரு பறவை என் கல்யாணத்துக்கே வேட்டு வைக்கப் பார்த்தது. பாசம் எங்கிருந்து வரும்?

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடத்தில் நான் கேட்டுக்காரன். ரயில் வந்தால் கேட்டைச் சாத்திவிட்டுப் பச்சைக் கொடி காட்ட வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். அதையும் டெம்பரரியாகத்தான் கொடுத்திருந்தார்கள். தை பிறந்தால் பர்மனெண்ட் என்று சொல்லியிருந்தார்கள். பர்மனெண்ட் ஆனால்தான் எனக்குப் பெண். பெண்ணின் அப்பா என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா. அதே பாதையில் இஞ்சின் ஓட்டுகிறவர். "வேல நெலைச்சாத்தான் பொண்ணு. நெலைக்காத ஆளுக்குக் குட்த்துட்டு அப்பால நான் இன்னா பண்றது?" என்று தண்டையார்பேட்டை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். இருபத்தைந்து வருஷமாக ஒரு கறுப்புப் புள்ளி வாங்காதவர் என்ற மிதப்பு வேறு அவருக்கு.

அது மார்கழிக் காலை. கேட்டை ஒட்டி மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்று இருந்தது. கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினால், பள்ளத்தில் என்னவோ நிற்கிறது. என் மார்பு உயரம். குச்சிக் கால்கள், முழக் கணக்கில் கழுத்து. தலையைக் கவிழ்த்துத் தண்ணீரில் விட்டு எதையோ சலித்துக்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் எண்ணூர்க் கழிமுகத்துக்குக் கூட்டமாக வரும் பூநாரை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இது மட்டும் எந்தப் புத்தியில் கூட்டத்தை விட்டுவிட்டு, மாட்டுவண்டியும் மூட்டையும் புகையுமாகக் கிடந்த ராயபுரத்துக்கு வந்ததோ!

கேட்டுக்கு அந்தப் பக்கம் மீன் கூடையோடு நின்ற அம்மாள், "இன்னாபா இது, இவ்ளோ பெரிய கொக்கு? உன்னியப் பாக்கத்தான் வந்துகீது போல" என்றாள். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். "சூ!" என்று விரட்டினேன். அது தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அரசாங்க உத்தியோகஸ்தனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

அப்போது வளைவில் மாமாவின் இஞ்சின் திரும்பியது. நான் கொடியை நீட்டினேன். இன்றைக்கும் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்கிறேன், பச்சைதான். மாமா விசில் ஊதினார். அந்தச் சத்தத்துக்கு மிரண்டு அந்தச் சனியன் இறக்கையை விரித்தது. ஐயோ! வெளுத்த உடம்புக்குள்ளே அத்தனையும் ரத்தச் சிவப்பு! நின்ற இடத்திலிருந்து எழும்பவும் அதற்குத் தெரியவில்லை. இறக்கையை அடித்துக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாகவே, இஞ்சினைப் பார்த்து ஓடியது.

கொடியோ துண்டோ, சிவப்பாக எது ஆடினாலும் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது ரயில் விதி. மாமா பிரேக்கைப் பிடித்தார். கேட்டுக்கு நடுவில் வண்டி நின்றது. பறவை இஞ்சின் விட்ட நீராவிக்குள் புகுந்து, கடல் பக்கமாகப் பறந்து போயே போய்விட்டது.

ஏற்றத்தில் நின்றுவிட்ட சரக்கு ரயிலை மறுபடி கிளப்ப முக்கால் மணி நேரம் பிடித்தது. அதுவரை ராயபுரமே என் பரம்பரையைத் திட்டித் தீர்த்தது. மாமா இஞ்சினிலிருந்து குதித்து வந்தார்.

"ஏன்டா செவப்புக் காட்டின, கஸ்மாலம்?"

"பச்சதான் மாமா காட்டினேன். ஒரு பறவ... அதோட ரெக்க செவப்பா..."

"பறவையாம்! கேட்டியாடா இந்தக் கூத்த?" என்று பயர்மேனைப் பார்த்தார். அவன் குனிந்து கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவன், எதையும் பார்க்கவில்லை. மீன்கார அம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "யாவாரத்த யாரு பாக்கறது? போயா" என்று போய்விட்டாள். வண்டிக்காரர்களும் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் விசாரணை. வெள்ளைக்காரன் போய்விட்டாலும் அதிகாரியை நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். நான் சிவப்புக் காட்டியிருந்தால் என் வேலை போச்சு, பெண்ணும் போச்சு. பறவையைக் கொடி என்று நினைத்து மாமா ஏமாந்திருந்தால் அவருக்குக் கண் கோளாறு என்று ஆகும், இஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள். அவர் பொய்கூடச் சொல்ல வேண்டாம், தனக்குத் தெரிந்ததைச் சொன்னாலே நான் ஒழிந்தேன்.

"இவன் பறவை என்கிறான். நீ பார்த்தது கொடியா, பறவையா?" என்றார் துரை.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பறவதான் தொரெ. தூரத்துலயே பறவன்னு தெரிஞ்சிகினேன். எங் கண்ணுக்கு இன்னா கேடு? வாயில்லா ஜீவன், அடிச்சிடக்கூடாதேன்னு நான்தான் நிறுத்தினேன். பையன் பச்சதான் காட்டினான்."

துரை மேசையைக் குத்தினார். ஒரு பறவைக்காகக் கப்பல் சரக்கை நிறுத்துவாயா என்று எகிறினார். மூன்று நாள் இஞ்சினில் ஏறக்கூடாது என்று மாமாவின் பேரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னைப் போகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

"நீயும் பாத்தியா மாமா? பாத்துட்டா அன்னிக்கு என்னிய அப்டித் திட்டின?"

மாமா கையை உதறினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னா பறவ? எந்தப் பறவ? நீ கட்டின கதைய நான் ஒப்பிச்சேன், அவ்ளோதான். வூட்ல பொண்ணு மூணு நாளா சோறு துன்னாம அழுவுது, வேற இன்னா பண்றது? இனிமேவாச்சும் பச்ச எது, செவப்பு எதுன்னு பாத்துப் புடி நைனா."