குதிரைக்குப் போட்ட இரண்டு போர்வைகள்

குதிரைச் சவாரி வேண்டுமென்று அடம்பிடித்தவள் என் மகள். இரண்டு மாதம் வகுப்புக்குப் போனாள், பிறகு நெட்போல் விளையாட்டு என்று ஓடிவிட்டாள். அவளுக்காகக் காருக்குள் காத்திருந்த நான்தான் குதிரையிடம் அகப்பட்டுக்கொண்டேன். நாற்பத்து மூன்று வயதில், எங்கள் ஊரான பாபடோயிட்டோயின் தமிழ்ச் சனம் சிரிக்கச் சிரிக்கச் சேணத்தில் ஏறினேன். சிரித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இது போன குளிர்காலத்துக் கதை; இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் குளிர்காலம். பக்கத்துக் கராக்கா ஊரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்று இருந்தது. வயது பதினாறு, நெடுந்தூரச் சவாரியில் பழகியது. அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்ததால் குதிரை ஒரு வருடம் சும்மா நின்று வயிறு போட்டுவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் பைன் காட்டுக்குள் நாற்பது கிலோமீட்டர் சவாரி ஒன்று வர இருந்தது. "அதை முடித்தால் என்னோடு இருக்கட்டும். முடியாவிட்டால் தெற்குத் தீவில் ஒரு பண்ணைக்குக் கொடுத்துவிடுவேன்" என்றார். நான் பழக்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, என் வாய் எப்போதும் அப்படித்தான்.

நெடுந்தூரச் சவாரியில் முந்தி வருவது மட்டும் போதாது. வந்து சேர்ந்த அரை மணி நேரத்துக்குள் குதிரையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு அறுபத்து நான்குக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஓடியது ஓடாத கணக்குத்தான். நாடி எண்ணுவது என் தொழில். ஆஸ்பத்திரி வார்டில் தாதி நான். ஆகவே என்னிடம் ஒரு ஸ்டெதஸ்கோப்பும் நிறையத் திமிரும் இருந்தன.

ஜூனில் நடை மட்டும். பிற்பகல் வேலை உள்ள நாட்களில் காலையிலேயே போய்விடுவேன். புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், இல்லாவிட்டால் மழை கொட்டும். சேற்றைக் கழுவி, கால்களைத் துடைத்து, குளம்புக்கு மேலே தோல் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஜூலையில் மேடுகள். ஏறும்போது மெல்லோட்டம், சரிவு வந்தால் நானும் இறங்கிக் கூடவே நடை. வயிறு உள்ளே போனது, தொடைகள் இறுகின. துடிப்பு மட்டும் இறங்கவில்லை. அரை மணி கழித்து எண்ணினாலும் எழுபத்திரண்டு. ஒருநாள் காருக்குள் இருந்து அழுதே விட்டேன்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்தப் பெண்மணி ஊன்றுகோலோடு பார்க்க வந்தார். நான் வழக்கம்போலச் சவாரி முடிந்த கையோடு குதிரைக்குத் தடித்த போர்வை போர்த்தி, அதன் மேல் இன்னொன்றையும் போட்டு, வாரை இறுக்கினேன். அவர் போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தார். கை நனைந்து வந்தது.

"நீ இவளை அவித்துக்கொண்டிருக்கிறாய்" என்றார்.

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேர்வையோடு குளிர்காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டியது. மே மாதமே பிள்ளைகளின் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்புகிறவள் நான். வார்டில் மட்டும், காய்ச்சல்காரரைப் போர்த்தி மூடாதீர்கள் என்று எங்கள் சனத்தோடு தினமும் சண்டை பிடிப்பேன். குதிரையிடம் வந்ததும் தாதி போய் அம்மா வந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து போர்வை இல்லை. சவாரி முடிந்ததும் கழுத்தில் தண்ணீர் ஊற்றி, காற்றில் மெல்ல நடத்தினேன். உடம்பு காய்ந்த பிறகுதான் மெல்லிய போர்வை ஒன்று. மூன்றாவது வாரம் துடிப்பு அறுபதைத் தொட்டது.

சவாரி நாளன்று நாற்பது கிலோமீட்டரையும் ஓடி முடித்து வந்தபோது குளிர்ந்த தென்காற்றோடு மழை. இறங்கி எண்ணினேன், எழுபது. என் கணவர் இரண்டு போர்வைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"இஞ்சேரும், குதிரை நனையுதெல்லே! போர்த்துவிடுமன்!"

"தொடாதேங்கோ! காத்துப் படட்டும்."

"உமக்கென்ன விசரே? விறைச்சுப்போகும்!"

"ஒண்டும் விறைக்காது. அங்கால நில்லுங்கோ!"

சேணத்தைக் கழற்றி, மழையிலேயே அவளை நடத்தினேன். முதுகிலிருந்து ஆவி பறந்தது. இருபது நிமிடம் கழித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் குதிரையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எண்ணினார்.

"ஐம்பத்தாறு" என்றார்.

பிறகு நொண்டுகிறாளா என்று பார்க்க ஓட்டிக் காட்டச் சொன்னார். பக்கத்தில் நானும் ஓடினேன். அவள் நொண்டவில்லை, நான்தான் நொண்டினேன். தேறிவிட்டாள். வாய்விட்டே சொல்கிறேன், என் இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதுகூட இவ்வளவு பெருமைப்படவில்லை. அந்தப் பெண்மணி குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "தெற்குத் தீவுக்கு இனி நான் மட்டும்தான் போவேன், சுற்றிப் பார்க்க" என்றார்.

அப்போதுதான் என் பற்கள் கிடுகிடுவென்று அடிப்பது எனக்கே தெரிந்தது. தலை முதல் கால்வரை நனைந்திருந்தேன். கணவர் வந்து இரண்டு குதிரைப் போர்வைகளையும் என்மேல் போர்த்தி, வாரையும் இழுத்து மாட்டினார். "மம், யூ ஸ்மெல் லைக் எ ஹோர்ஸ்" என்று மகள் மூக்கைப் பிடித்தாள்.

"ஓம்" என்றேன். வீடு வந்து சேரும்வரை நான் அவற்றைக் கழற்றவில்லை.