அழித்து எழுதிய மனு

நரின் என்கிற எங்கள் ஊரில் நீதிமன்றத்துக்கு எதிரே மனு அடித்துக் கொடுக்கிற பூபுசாராவை எல்லோரும் எஜே, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக அவளுக்குப் பக்கத்து மேசையில் ஜெராக்ஸ் மெஷினோடு உட்கார்ந்திருப்பவள் நான். ஊர் ரகசியத்தில் பாதி அவள் விரல் வழியாகப் போயிருக்கிறது. ஒன்றுகூட வாய் வழியாக வந்ததில்லை. என்னிடம்கூடச் சொல்ல மாட்டாள். அதில் எனக்கு எரிச்சல் உண்டு.

புது மனுவை அவள் வெற்றுத் தாளில் தொடங்கவே மாட்டாள். முந்தின ஆளுடைய மனுவைத் திறந்து, பெயரையும் விவரத்தையும் அழித்துவிட்டு அதன் மேலேயே அடிப்பாள். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். பழைய கம்ப்யூட்டரில் அதனால் ஒரு கேடும் வரவில்லை. எழுதியது அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது; காகிதம் மட்டும்தான் வெளியே போனது.

போன மாதம் அந்தப் பெட்டி உயிரை விட்டது. "இனிமே எல்லாத்தையும் இணையத்துலயே அடிங்க எஜே, மெஷின் செத்தாலும் மனு சாகாது" என்று கணக்கு தொடங்கிக் கொடுத்த மகாராணி நான்தான். அழித்த எழுத்தும் சாகாது என்பது அப்போது எனக்கே தெரியாது.

ஒரு மதியம் பள்ளிக்கூட டீச்சர் ஐபெரி வந்தாள். புருஷன் அடிக்கிறான், விவாகரத்து வேண்டும். "புள்ளையோட அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது எஜே. தெரிஞ்சா புள்ளையப் புடிச்சு வச்சுக்குவாங்க." பூபுசாரா தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்து, நிலத் தகராறு மனுவுக்குத் தாலய் என்கிற பெரியவர் வந்தார். பூபுசாரா வழக்கம்போல ஐபெரியின் மனுவை அழித்து அதன் மேலேயே அடித்தாள். "வீட்டுல கொஞ்சம் திருத்தணும், போனுக்கு அனுப்பிரு" என்றார். திருத்தும் உரிமையோடு அனுப்புவது எப்படி என்று பக்கத்தில் நின்று காட்டியதும் நான்தான். வீட்டில் அவர் மருமகள் திருத்தப் போய், பழைய வடிவங்கள் என்றிருந்ததைத் தொட்டிருக்கிறாள். ஐபெரியின் மனு ஒரு வரி குறையாமல் எழுந்து நின்றது. தாலய், ஐபெரியின் மாமனாருக்குப் பங்காளி.

மூன்றாம் நாள் கடை வாசலில் நின்று சிரித்தார். "நல்லா எழுதுற பூபுசாரா. டீச்சரம்மாவுக்கு அடி விழுந்த தேதி மொதக்கொண்டு விடாம போட்டிருக்கியே!"

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்த மனுவின் பழைய வடிவங்களைத் திறந்து பார்த்தேன், அந்த மாதம் வந்த பதினோரு பேரும் அதற்குள் இருந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. "அடிச்சது என் கைதானே, பழி எனக்குத்தான்" என்றாள் பூபுசாரா. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாவது கிடைத்திருக்கும்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஐபெரியின் மாமியார் அதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அட்-பாஷி ஊருக்குப் போய்விட்டாள்.

நேற்று ஐபெரி வந்தாள். விவாகரத்து வேண்டாம் என்று நீதிமன்றத்துக்குக் கையால் எழுதிய கடிதம் அவளிடம் இருந்தது. பூபுசாரா எழுந்து, "மன்னிச்சிரும்மா" என்றாள். ஐபெரி திரும்பாமல் என்னிடம் வந்தாள்.

"ஒரு காப்பி வேணும். இந்த மெஷினுக்குள்ள எதுவும் தங்காதுல்ல?"

தங்காது என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியலம்மா" என்றேன்.

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மேசை ஓரத்தில் உட்கார்ந்து அதையே இன்னொரு தாளில் பார்த்து எழுதத் தொடங்கினாள். பூபுசாரா தன் பேனாவை நீட்டினாள். ஐபெரி தன் பையிலிருந்து வேறு பேனாவை எடுத்துக்கொண்டாள்.