கேசரிக்குக் கீழே செவ்வாய்

காகிதத் தட்டில் கோள் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. போன வாரம் என் மகளின் பள்ளியிலிருந்து அதற்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு பெண்மணி சிரித்த முகத்தோடு தட்டின் குழிந்த பக்கத்தில் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. குழிந்த பக்கத்தில் அடித்தால் அது கோளா, சாம்பார்க் கிண்ணமா? தட்டைக் கவிழ்த்துப் போட்டுப் புடைத்த முதுகில் அடிக்க வேண்டும். அப்போதுதான் உருண்டையாகத் தெரியும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் அத்தை. அப்படி அடித்த ஒரு தட்டால் அவளுடைய கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. மாதனூரில் இருந்தோம். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். தினமும் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூருக்குப் போவாள். அங்கே ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே பழுது இருக்கிறதோ அங்கே சிவப்பாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கத்தரிக்காய், தோசை, என் பாவாடை, எதுவானாலும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் விட மாட்டாள். “தோசைக்கு எங்கடி ஸ்டிக்கர் ஒட்டப்போற?” என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அத்தையின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருந்தது. அதைக் கேட்டதும் வரன் பேச வந்தவர்கள் எல்லோரும் காபி ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். செவ்வாய் பற்றிப் பேச்சு வந்தாலே பெரியவர்கள் என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். என் பாடப்புத்தகத்திலோ அது சிவப்புக் கோலிக்குண்டு போல, ஒரு பாவமும் அறியாமல் உட்கார்ந்திருந்தது. அவ்வளவு தூரத்தில் இருப்பதற்கு மாதனூரில் இருக்கும் அத்தையை எப்படித் தெரியும்? அத்தையிடமே கேட்டேன். “எனக்கும் அதான் டவுட்டு” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை தோல் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். தரகர் அப்பாவுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்.

“வீடு மாத்தும்போது ஜாதகம் தொலஞ்சிபோச்சுன்னு சொல்லிடுங்க. பேர்ப் பொருத்தம் பாத்துக்கலாம். அதுக்குமேல ஜாஸ்தி பேசாதீங்க.”

அப்பா தலையை ஆட்டினார். அத்தைக்கு முகம் சுண்டிப்போனது.

“பழுத மறச்சி அனுப்புனா கப்பல் ஏறிப் போன ஷூவே திரும்பி வருதுண்ணா” என்றாள்.

“நீ இன்னா ஷூவா? சும்மா இரு” என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

அவர்கள் பெண் பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை. என் போதாத நேரம், மறுநாள் எட்டுக் கோள்களையும் செய்துகொண்டு வரும்படி டீச்சர் சொல்லியிருந்தார். நன்றாக இருப்பவற்றை வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்களாம். என் கோள்கள் தொங்காவிட்டால் உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற நிலையில் நான் இருந்தேன். விருந்தாளிகளுக்காக அம்மா வாங்கி வைத்திருந்த காகிதத் தட்டுக் கட்டைப் பிரித்து, அம்மாவைக் கேட்காமலே எட்டுத் தட்டுகளை உருவிக் கொடுத்தாள் அத்தை.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தோம். பூமிக்கு நீலக் கிரேயான், மேலே பச்சைத் தாளைக் கிழித்து ஒட்டினால் நாடுகள் தயார். வியாழனுக்குப் பழுப்பு நோட்டு அட்டையைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டினோம். சனியின் வளையத்தை ஷூ பெட்டி அட்டையில் வெட்டினாள் அத்தை. பாஜி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா ரம்ஜானுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ஜிகினாத் தாளை அதன்மேல் சுற்றியதும் அது ராஜா மாதிரி ஆகிவிட்டது. செவ்வாய்க்குச் சிவப்புக் கிரேயானை எடுத்தேன். அத்தை என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

“இது என்னுது. நான் பண்றேன்.”

கம்பெனியில் வீணாகிப்போன ஸ்டிக்கர் சுருள் ஒன்று அவள் பையில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டின் முதுகு முழுக்க இடைவெளி இல்லாமல் ஒட்டினாள். வெகுநேரம் ஆனது. கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் ‘செவ்வாய்’ என்று நான் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி நடுவில் ஒட்டினேன். எட்டிலும் அதுதான் அழகு. அத்தைகூட அதைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஐந்து பேர் வருவதாகச் சொன்னவர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. தட்டுகள் போதவில்லை. அவள் கண் என் கோள்கள்மேல் விழுந்தது. பின்பக்கம்தானே வண்ணம், யார் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் பிரபஞ்சம் அடுப்படிக்குப் போய்விட்டது. சனி மட்டும் வளையத்தால் தப்பித்தது. “அய்யோ, இத ஒண்ணத்தயாவது கண்ல படாம வைங்க” என்று அம்மாவே அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

பஜ்ஜியும் கேசரியும் கூடத்துக்கு வந்தன. நான் கதவோரம் நின்று என் சொத்துகள் யார் யார் கையில் இருக்கின்றன என்று குனிந்து குனிந்து பார்த்தேன். பூமிமேல் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டிருந்தார் ஒரு மாமா. மாப்பிள்ளைக்கு அத்தையே கொண்டுவந்து கொடுத்த தட்டையும் குனிந்து பார்த்தேன். அடியில் சிவப்பு. மேலே கேசரி. அந்தக் கேசரியில் அம்மா நெய்யைத் தாராளமாக ஊற்றியிருந்தாள். மாப்பிள்ளையோ ஒரு ஸ்பூன் எடுப்பதும், வெட்கப்படுவதும், மறுபடி ஒரு ஸ்பூன் எடுப்பதுமாக இருந்தார். இந்த வேகத்தில் போனால் என் ஸ்டிக்கர் ஒன்றுகூட மிஞ்சாது.

“அங்கிள், சீக்கிரம் சாப்டுங்க! நெய் ஊறுது! அது என்னோட செவ்வாய்!”

தரகருக்கு பஜ்ஜி புரையேறியது. மாப்பிள்ளை தட்டைத் தலைக்கு மேலே தூக்கி அடிப்பக்கத்தைப் படித்தார்.

“யார் பண்ணது பாப்பா?”

“நானும் அத்தையும். இது மட்டும் அத்தையே பண்ணாங்க. இது அவங்களோடதாம்.”

அப்பா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் குலை நடுங்கும். மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“இன்னாம்மா இது? ஜாதகம் தொலஞ்சிபோச்சுன்னாங்களே?”

அதுவரை குனிந்திருந்த அத்தை நிமிர்ந்தாள்.

“தொலையலங்க. பீரோல இருக்கு. எனக்குச் செவ்வா தோஷங்க.”

மாப்பிள்ளை அவளையே பார்த்தார். பிறகு அவசரமே இல்லாமல் கேசரியைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டு, தட்டின் முதுகைக் கைக்குட்டையால் துடைத்தார்.

“பாப்பா, இத எனக்குக் குடுப்பியா?”

“முடியாது. நாளைக்கு ஸ்கூல்ல தொங்கவிடணும்.”

“சரி, தொங்கட்டும். எறக்குனப்புறம் நான் வந்து வாங்கிக்கிறேன்.”

அவருடைய அம்மா முதல் ஆளாகப் போய் வேனில் ஏறினார். அவர்கள் போனதும் எனக்கு முதுகில் இரண்டு விழுந்தது. விருந்தாளியைச் சாப்பிட விடாமல் அவசரப்படுத்தியதற்காக அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா அத்தையிடம் பேச்சை நிறுத்திவிட்டார். எல்லாம் போச்சு, பேஜார் பண்ணிட்டீங்க என்று தரகர் வாசலில் நின்று புலம்பினார். அத்தை மட்டும் பாத்திரங்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் பக்கத்தில் படுத்து அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

மறுநாள் என் கோள்கள் வகுப்பில் தொங்கின. செவ்வாயில் இருந்த கறை என்ன என்று டீச்சர் கேட்டார். கேசரி என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாவின் கையில் பூ இருந்தது. “உள்ளத உள்ளபடி சொல்ற பொண்ணு. எங்களுக்கு அது போதும்” என்று சொல்லி அத்தையின் தலையில் அவரே வைத்துவிட்டார். அப்பா உள்ளே போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை என்னைத் தேடி வந்து தட்டைக் கேட்டார். இன்னும் இறக்கவில்லை என்றேன். “அப்போ எறக்குற வரைக்கும் நான் வந்துட்டேதான் இருக்கணும்” என்றார். சொன்னபடியே வந்தார்.

அந்தத் தட்டு இன்றும் நாட்றம்பள்ளியில், அவர்கள் வீட்டு சுவிட்ச் போர்டுக்கு மேலே இருக்கிறது. என் கைவேலையின் அழகில் மயங்கித்தான் மாமா அத்தையைக் கட்டிக்கொண்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஏழு தட்டுகளில் அந்தச் செவ்வாய் ஏதோ தற்செயலாக அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, எனக்கு நல்ல நேரம் என்றும் நம்பினேன். அடுப்படியில் நடந்ததை நான் பார்க்காமல் இல்லை. அம்மா பஜ்ஜி எடுக்கத் திரும்பியிருந்தாள். அத்தை என் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பூமியை வைத்தாள், வியாழனை வைத்தாள். சிவப்புத் தட்டு வந்ததும் கை நின்றது. அதில் கேசரியை வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கூடத்துக்கு நடந்தாள். பசை காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.