என் போனுக்கு மட்டும் வந்த யானைச் செய்தி

"...செய்தி எங்க தம்பி வந்துச்சு, யானைதான் நேர்ல வந்துச்சு," என்றார் பக்கத்து வீட்டு மேரியக்கா. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன வழியில் யானையைக் கண்டு ஓடி விழுந்திருந்தார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

சூரியநெல்லிக்கு எஸ்டேட் ஆபீஸ் வேலையாகத் தனியாக வந்தவன் நான். பேச ஆளில்லாத பொழுதில் பைத்தான் என்னும் கணினி மொழி கற்று, யானை வந்த தகவல் ஆபீஸுக்குக் கிடைத்ததும், நாங்கள் குடியிருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோர் போனுக்கும் செய்தி போக ஒரு புரோகிராம் எழுதினேன். பைத்தானில் ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறதோ, அதை வைத்துத்தான் அதன் வேலை. நடுவில் ஒரு வரியை நான் வெறுமையாக விட்டதும், எழுத உதவும் எடிட்டர் மென்பொருள் தானாகவே அடுத்த வரியை ஓரத்துக்குக் கொண்டுபோனது. நானும் நம்பிவிட்டேன். ஒவ்வோர் எண்ணுக்கும் ஓட வேண்டிய 'அனுப்பு' வரி வெளியே நின்றுகொண்டு, பட்டியலின் கடைசி எண்ணுக்கு மட்டும் செய்தி அனுப்பியது. அது என் எண்.

"எனக்கு வந்துச்சேக்கா. எல்லாருக்கும் வந்திருக்கும்னு நெனச்சேன்."

"நீ சாப்பிட்டா லயமே சாப்பிட்ட மாதிரியாக்கும்!"

வரியை உள்ளே தள்ளி மறுபடி அனுப்பினேன். அக்காவின் போன் ஒலித்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நான்கு வருடத்தில் இங்கே ஒரு கதவைக்கூட நான் தட்டியதில்லை.

அக்கா இறங்கிப் போய், முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி, செய்தி வந்ததா என்று கேட்க ஆரம்பித்தார்.